மூன்று சீட்டு, மூன்று பெயர்

என் பெரியப்பா மகனுக்கு நோய் கண்டது 1989-இல். அண்ணனுக்கு அப்போது 24 வயது. பாளையங்கோட்டையில் ஒரு கணக்கரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். பிறகு வீட்டுப் பானைத் தண்ணீரைத் தொடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்துபோய்த் தெருக்குழாயில் தானே பிடித்துக் குடிப்பார். அந்த வருடம் ஒரு மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் ‘பேரனாய்டு ஸ்கிசோஃப்ரீனியா’ என்று இருந்தது. எட்டு வருடம் கழித்து இன்னொரு மருத்துவர் ‘அன்டிஃபரன்ஷியேட்டட்’ என்று எழுதினார். 2006-இல் கிடைத்த மூன்றாவது சீட்டில் ‘ரெசிடுவல்’. மூன்றையும் பெரியம்மா ஒரு துணிக்கடை மஞ்சள் பையில் வைத்துப் பீரோவுக்குள் பூட்டியிருந்தார்.

ஒருநாள் அந்தப் பையை என் மடியில் கொட்டிவிட்டுக் கேட்டார்: “தடவைக்கு ஒரு பேரு எழுதுதாவளே, அப்பம் எந்த நோய்க்குய்யா மருந்து குடுக்காவ?”

பள்ளிக்கூடம் போகாத ஒரு தாய் கேட்ட அந்தக் கேள்வியையே உலக மனநல மருத்துவமும் நூறு வருடமாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், ஸ்கிசோஃப்ரீனியாவின் ஐந்து வகைகளையும் ஒரே வீச்சில் நீக்கியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப் பட்டியலும் அதே முடிவுக்கு வந்தது. அந்த நீக்கம் சரியா என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களிலும் பத்திரிகைக் கேள்வி பதில்களிலும் அந்த ஐந்து பெயர்கள் இன்னும் உயிரோடு உலவுகின்றன. ‘உங்கள் மகனுக்கு எந்த வகை?’ என்று உறவினர்கள் விசாரிக்கிறார்கள்.

பெயர்கள் வந்த வழியை முதலில் பார்ப்போம். 1871-இல் ஜெர்மானிய மருத்துவர் எவால்ட் ஹெக்கர், பதின்பருவத்தை ஒட்டித் தொடங்கி, பேச்சும் சிரிப்பும் நடத்தையும் கோவையற்றுப் போய்விடும் இளைஞர்களைப் பற்றி எழுதினார். அதற்கு ஹெபிஃப்ரீனியா என்று பெயர். 1874-இல் கார்ல் கால்பாம் கேட்டடோனியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நின்ற இடத்தில் நின்றபடி, வைத்த கை வைத்தபடி உறைந்துவிடும் நோயாளிகளைப் பற்றிய நூல் அது. எமில் கிரேப்பலின் 1899-இல் வந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இந்த இரண்டோடு, சந்தேகமும் ‘என்னைக் கெடுக்கப் பார்க்கிறார்கள்’ என்ற அசையாத நம்பிக்கையும் மேலோங்கிய ‘பேரனாய்டு’ என்ற மூன்றாவது கூட்டத்தையும் சேர்த்தார். மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்றார். நோய்க்கு அவர் வைத்த பெயர் டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்: இளமையிலேயே வந்துவிடும் அறிவுத் தேய்வு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேப்பலின் எதையும் பிரிக்கவில்லை, சேர்த்தார். தனித்தனி நோய்கள் என்று நினைத்தவற்றை ஒரே கூரைக்குள் கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பின்னால் வந்தவர்கள் கூரையை மறந்துவிட்டு அறைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908-இல் ஸ்கிசோஃப்ரீனியா என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் பிளவு என்றும் மனம் என்றும் பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை அது. எல்லாருக்கும் அறிவு தேய்வதில்லை, எல்லாருக்கும் இளமையில் வருவதுமில்லை என்பதால் கிரேப்பலினின் பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம். 1911-இல் வந்த அவருடைய நூல் தலைப்பிலேயே ‘ஸ்கிசோஃப்ரீனியாக்களின் கூட்டம்’ என்று பன்மையில் பேசியது. மாயக்குரலோ சந்தேகமோ பெரிதாக இல்லாமல் ஆளே மெல்ல மெல்ல ஒடுங்கிப் போகிற ‘சிம்பிள்’ வகையையும் அவர் சேர்த்தார். 1980-இல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு ஐந்து அறைகளை உறுதி செய்தது: பேரனாய்டு, டிஸ்ஆர்கனைஸ்டு (ஹெபிஃப்ரீனியாவின் புதுப் பெயர்), கேட்டடோனிக், அன்டிஃபரன்ஷியேட்டட், ரெசிடுவல். நான்காவது, எந்த அறையிலும் அடங்காதவர்களுக்கானது. ஐந்தாவது, புயல் ஓய்ந்தபின் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டவர்களுக்கானது. அகராதியில் ரெசிடுவல் என்றால் எச்சம். ஒரு மனிதனின் சீட்டில் எழுதத் தகுந்த சொல்லா அது என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

வகைகளுக்காகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்தையும் முழுதாகக் கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனை இருந்தது. அங்கே பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்திருந்தவர்களின் பழைய குறிப்புகளைக் கொண்டு ஃபென்டன், மெக்லாஷன் இருவரும் வகைவாரியாகப் பின்கதையைத் தேடினார்கள். 1991-இல் அந்த ஆய்வு வெளியானது. பேரனாய்டு கூட்டத்துக்கு நோய் சற்று வயது கடந்து, சட்டென்று வந்திருந்தது. பிற்காலமும் ஓரளவு நன்றாக இருந்தது. ஹெபிஃப்ரீனிக் கூட்டத்துக்கு இளமையிலேயே ஓசையில்லாமல் ஊர்ந்து வந்து, நெடுநாள் முடக்கியிருந்தது. அன்டிஃபரன்ஷியேட்டட் கூட்டம் நடுவில் நின்றது. வகைக்கும் வருங்காலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வார்டில் பழகிய மருத்துவர்களும் இதையே அனுபவத்தில் சொல்வார்கள்: சந்தேகப்படுகிறவன் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்து தன் வழக்கை வரிசையாகச் சொல்வான், ஹெபிஃப்ரீனியா வந்த பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடவே ஆள் வேண்டும் என்று.

இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எதற்குச் சான்று? எந்த வயதில் வந்தது, சட்டென்று வந்ததா ஊர்ந்து வந்ததா, பேச்சும் முனைப்பும் எவ்வளவு குறைந்திருக்கிறது, இவைதாம் வருங்காலத்தைக் காட்டுகின்றன. வகைப் பெயர் இவற்றைத் தோளில் தூக்கி வந்த கூலியாள். சுமை முக்கியமென்றால் சுமையையே சீட்டில் எழுதலாம். ‘19 வயதில், இரண்டு வருடமாக மெல்ல மெல்ல’ என்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவருக்கு ‘ஹெபிஃப்ரீனிக்’ என்பதைவிட அதிகம் புரியும். அந்த வரி பத்து வருடம் கழித்தும் மாறாது. வகைப் பெயர் மாறிவிடும், அண்ணனுக்கு மாறியதைப் போல.

இப்படி மாறியது அண்ணன் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வகைகளை நீக்கிய குழு சொன்ன காரணங்களில் முதன்மையானதே அது. ஒரே நோயாளிக்குக் காலப்போக்கில் வகை மாறுகிறது. ஒரே நாளில் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள்கூட வகையில் ஒத்துப்போவதில்லை. நோய் ஸ்கிசோஃப்ரீனியா என்பதில் ஒத்துப்போகிறார்கள், எந்த அறை என்பதில் பிரிகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலோர் பேரனாய்டு, அன்டிஃபரன்ஷியேட்டட் என்ற இரண்டு அறைகளிலேயே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இவை எல்லாவற்றையும்விடக் கனமான குறை, மருந்து. எந்த வகையானாலும் கொடுத்தது அதே மருந்துகள்தாம். 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் பயனுக்கு வந்த காலத்திலிருந்து, இந்த வகைக்கு இந்த மருந்து என்று யாராலும் நிலைநாட்ட முடியவில்லை. பெரியம்மாவின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும்: “மூன்று பெயருக்கும் ஒரே மருந்துதான் அம்மா.”

மரபணுப் பக்கமிருந்தும் வகைகளுக்கு ஆதரவு வரவில்லை. அமெரிக்காவில் 1930-இல் ஒரே பிரசவத்தில், ஒரே மரபணுக்களோடு நான்கு சகோதரிகள் பிறந்தார்கள். நால்வருக்கும் ஸ்கிசோஃப்ரீனியா வந்தது. ஜெனைன் என்ற புனைபெயரில் அவர்களைப் பற்றி டேவிட் ரோசந்தால் தொகுத்த நூல் 1963-இல் வெளியானது. ஒருத்தி மணமாகிப் பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்தினாள். இன்னொருத்தி மிகக் கடுமையாக முடங்கினாள். விதை ஒன்றாக இருந்தும் விளைச்சல் இத்தனை வேறுபட முடியுமென்றால், வெளித்தோற்றத்தின் வேறுபாட்டைக் கண்டு உள்ளே வேறு வேறு நோய் இருப்பதாக முடிவு கட்ட முடியாது. 2014-இல் பன்னாட்டுக் கூட்டாய்வு ஒன்று நோயோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. 2022-இல் அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவுதான். பல இடங்கள் இருமுனை நோய்க்கும் பொதுவானவை. ஐந்து அறைகளின் சுவர் அங்கே எங்கும் தட்டுப்படவில்லை.

நான்கு அறைகளைப் பொறுத்தவரை வழக்கு இத்தோடு முடிகிறது என்பேன். மீதமுள்ள கேட்டடோனியாவை அப்படி விட முடியாது.

அண்ணனை ஒருமுறை வார்டில் சேர்த்திருந்தபோது எதிர்க் கட்டிலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது கையை அரை உயரத்தில் நீட்டியிருந்தார், தாம்பாளம் ஏந்துகிறவர் போல. நர்ஸ் கையை மடியில் இறக்கி வைத்தால் அப்படியே இருக்கும். தூக்கி வைத்தால் தூக்கியபடியே நிற்கும். கண் திறந்திருந்தது. அவருடைய அம்மா காலையில் ஊட்டிய இட்லி மத்தியானமும் கன்னத்துக்குள் இருந்தது. அன்றைக்கு ஓர் ஊசி போட்டார்கள். லொராசெபாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன், சாதாரணத் தூக்க மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு மணி நேரம் இருக்கும், கை தானாக இறங்கியது. அம்மாவைப் பார்த்து, “தாகமா இருக்கு” என்றார். ஐந்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது என்று அந்த அம்மா அழுதார்.

எனக்கு அன்று அதிசயமாகத் தெரிந்தது, மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கேட்டடோனியாவுக்கு லொராசெபாம் கேட்கும், கேட்காவிட்டால் மின் அதிர்ச்சி சிகிச்சை கேட்கும். ஸ்கிசோஃப்ரீனியாவின் வழக்கமான மருந்துகளை அந்த நிலையில் அவசரப்பட்டுக் கொடுத்தால், காய்ச்சலும் தசை இறுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகும் அபாயம் உண்டு. உண்ணாமல் அசையாமல் கிடப்பதால் உடல் வறண்டுபோவதும், காலில் ரத்தம் உறைவதும் அதற்கு மேல். இன்னொன்று: கேட்டடோனியா ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு மட்டும் உரியதில்லை. கடும் மனச்சோர்விலும் இருமுனை நோயிலும் அது இன்னும் அதிகமாகவே வருகிறது. உடல் நோய்களிலும் வருகிறது. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த ஒரு மூளை அழற்சியில், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையின் ஏற்பிகளைத் தாக்குகிறது. இளம் பெண்களுக்கே அது மிகுதியாக வருகிறது. குழப்பம், மாயக்குரல், பிறகு உறைந்துபோதல் என்று தொடங்கி அச்சு அசலாக மனநோய் போலவே இருக்கும். சிகிச்சையோ முற்றிலும் வேறு: நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், பலருக்குச் சினைப்பைக் கட்டியை அகற்றும் அறுவை. அவர்களைக் ‘கேட்டடோனிக் ஸ்கிசோஃப்ரீனியா’ அறைக்குள் தள்ளிப் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி எத்தனை பேர் போனார்களோ என்ற எண்ணம் வரும்போது, ஒரு பெயர் எவ்வளவு கொடுமை செய்ய முடியும் என்பது உறைக்கிறது.

புதிய ஏற்பாடு இந்த இடத்தில் மிகச் சரியாக நடந்துகொண்டது. அமெரிக்கக் கையேடு கேட்டடோனியாவைப் பன்னிரண்டு அடையாளங்களோடு, அவற்றில் மூன்று இருந்தால் எந்த நோயோடும் குறிக்கலாம் என்று விடுவித்தது. உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோய்த்தலைப்பாகவே வைத்துவிட்டது. ஆக, அந்தப் பெயர் அழியவில்லை. ஸ்கிசோஃப்ரீனியாவிடமிருந்து விடுதலை பெற்றது. 1874-இல் கால்பாம் அதைத் தனி நோயாகத்தானே எழுதியிருந்தார்? நூறு வருடத்துக்கும் மேலான சுற்றுக்குப் பின் அவர் சொன்னதற்கே திரும்பியிருக்கிறோம்.

பக்கத்து வீட்டு நோய்கள் சிலவற்றையும் புதிய பட்டியல்கள் கலைக்கவில்லை. அதுவும் சரியே. ஒரு மாதத்துக்குள் வந்து போய்விடும் குறுகிய மனக்குழப்பம் வேறு. மாயக்குரலோடு தெளிவான மனச்சோர்வோ மிதமிஞ்சிய எழுச்சியோ சேர்ந்து வரும் ஸ்கிசோஅஃபெக்டிவ் வேறு. மற்றபடி ஒழுங்காக வாழ்ந்துகொண்டே ஒரே ஒரு தவறான நம்பிக்கையை விடாமல் பிடித்திருப்பது வேறு. இவற்றைப் பிரித்தால் மருந்து மாறுகிறது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதும் மாறுகிறது. பிரிப்பதற்குப் பயன் இருக்கிறது. ஐந்து வகைகளுக்கு இல்லாமல் போனது இந்தப் பயன்தான்.

சரி, பழைய அறைகளை இடித்தாயிற்று. புதிதாக என்ன கொடுத்தார்கள்? 11-ஆம் பட்டியல் இரண்டு கேள்விகளை வைக்கிறது. நோய் எப்படிப் போகிறது: முதல் தடவையா, விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா? இன்றைக்கு எது எவ்வளவு இருக்கிறது? இல்லாதது கூடி வந்தவை (குரல், சந்தேகம்), இருந்தது குறைந்து போனவை (பேச்சு, முனைப்பு, முகத்தில் உணர்ச்சி), மனச்சோர்வு, எழுச்சி, உடலசைவு, நினைவும் கவனமும் என ஆறு வரிகள். கடினமான கலைச்சொற்கள் இல்லாமலே ஒரு தாய்க்கு விளக்கிவிடலாம்.

இதில் முதல் கேள்வி நமக்குப் புதிதன்று. 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு, டாக்டர் ஆர். தாராவும் உடனிருந்தவர்களும் இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு கவனித்ததே இந்தப் போக்கைத்தான். பெரும்பாலோருக்கு நோய் வந்து, தணிந்து, மறுபடி வந்தது. ஒரு நாளும் விடாமல் நோய்க்குள்ளேயே கிடந்தவர்கள் சிலர்தாம். டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் வேலையும், இந்த நோயோடு மனிதர்கள் எப்படி வாழ்ந்து முடிக்கிறார்கள் என்ற அக்கறையிலிருந்து கிளைத்தது. ‘இந்த நோய் வந்தால் அவ்வளவுதான்’ என்ற பேச்சுக்கு நம் ஊர்க் கணக்கிலேயே மறுப்பு இருக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்குக் குறை உண்டு. அமெரிக்கக் கையேட்டில் இந்த அளவீடு கட்டாயம் இல்லை, பின்பகுதியில் விருப்பம் போலப் பயன்படுத்த வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடங்கள். ஆறு வரிக்கும் மதிப்பெண் போட அவருக்கு நேரம் ஏது? நான் பார்த்த சீட்டுகளில் வகைப் பெயர் போய், அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. பழைய பெயர் தப்பான ஒன்றையாவது சொல்லியது, இப்போது வெறும் நோய்ப்பெயர் நிற்கிறது. இதற்கு ஓர் எளிய வழி நம்மிடமே இருக்கிறது. மனநோயால் வரும் இயலாமைக்குச் சான்றிதழ் கொடுக்க ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும் அது அளக்கிறது. அங்கே வகை என்று ஒரு கட்டமே கிடையாது. சான்றிதழுக்காக ஒருமுறை அளப்பதை வருடம் ஒருமுறை சீட்டிலும் எழுதினால் போதும்.

குறைந்து போனவற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடும்பங்கள் உடைவது அங்கேதான். குரல் கேட்கிறது என்றால் நோய் என்று ஒப்புக்கொள்வார்கள். குளிக்கவில்லை, பேசவில்லை, மூன்று மணி நேரமாகத் திண்ணையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் சோம்பேறி என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னோம். நானும் சொன்னேன். கூடி வந்தவற்றை மருந்து பெரும்பாலும் அடக்கும். குறைந்து போனவற்றில் அதன் கை நீளாது. 1980-இல் இங்கிலாந்தின் டிம் க்ரோ இந்த இரண்டையும் இரண்டு வகை நோயாகப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் வகை என்ற அளவில் அது நிற்கவில்லை. ஆனால் வேறுபாடு மெய். இதைத் தெரிந்துகொண்ட குடும்பம் திட்டுவதை நிறுத்தும். ஐந்து வகைகளையும் மனப்பாடமாகத் தெரிந்துகொண்ட குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

இன்றைய நிலையில், ஸ்கிசோஃப்ரீனியாவுக்குள் மருந்தையே மாற்றக்கூடிய பிரிவு ஒன்றே ஒன்று: வழக்கமான மருந்துக்குக் கேட்கிறதா, கேட்கவில்லையா. இரண்டு வெவ்வேறு மருந்துகளை முழு அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது கொடுத்தும் குரலும் சந்தேகமும் போகவில்லை என்றால், அடுத்து நினைக்க வேண்டியது க்ளோசபின். 1988-இல் ஜான் கேன் குழுவினர், எந்த மருந்துக்கும் கேட்காதவர்களிடம் அதைச் சோதித்தார்கள். க்ளோசபின் கொடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. ஒப்பிட்ட மருந்தில் 4 சதவீதம். வெள்ளணுக்கள் ஆபத்தாகக் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அந்த ஒரு தொல்லைக்காகவே பலருக்கு இது எட்டாமல் போகிறது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். மூன்றாவது சீட்டில் ‘ரெசிடுவல்’ என்று எழுதியபோது, குரல் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓயவில்லை. குரல் கேட்கிறது என்று சொன்னபோதெல்லாம் மருந்தைக் கூட்டினார்கள். அதனால் அண்ணன் சொல்வதை நிறுத்திவிட்டார். ராத்திரி கொல்லைப்புறக் கிணற்றடியில் நின்று அவர் யாருக்கோ பதில் சொல்வது பெரியம்மாவுக்குத் தெரியும். ஆனால் பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. எச்சம் என்று பெயர் வைத்தபின் தேடுவதற்கு என்ன இருக்கிறது? 2009-இல் இளம் மருத்துவர் ஒருவர் வகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பழைய மருந்துச் சீட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். இரண்டு மருந்துகள் அல்ல, நான்கு மருந்துகள் தோற்றிருந்தன. க்ளோசபின் தொடங்கினார். அந்த மருந்து நம் நாட்டுக் கடைகளுக்கு வந்து வருடக்கணக்காகியிருந்தது. முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். கிணற்றடிப் பேச்சு ஆறு மாதத்தில் நின்றது. அண்ணன் இப்போது ராத்திரி தூங்குகிறார், காலையில் பால் வாங்கப் போகிறார், சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறார். பேச்சு இன்னும் குறைவுதான். இருபது வருடத்தில் மூன்று பெயர்கள் செய்யாததை, ஒரு கேள்வியும் ஒரு பென்சிலும் செய்தன.

வகைகளை அளந்த அதே கோலால் நோயின் தமிழ்ப் பெயரையும் அளக்க வேண்டும். மனச்சிதைவு என்கிறோம். சிதைந்தது ஒட்டாது என்பது தமிழ்க் காதுக்குத் தானாகக் கேட்கும் பொருள். ‘பிளவு’ என்று இன்னொரு வழக்கு. அது வந்ததும் அந்நியனும் சந்திரமுகியும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். 2005-இல் வந்த அந்த இரண்டு படங்களும் காட்டியது ஒரு உடலில் இரண்டு ஆள் என்ற வேறு நிலையை. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் அதற்கும் உறவில்லை. ஜப்பானில் பழைய பெயருக்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2002-இல் அதை ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்ற பொருளில் மாற்றினார்கள். நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் வழக்கம் 37 சதவீதத்திலிருந்து இரண்டே வருடத்தில் 70 சதவீதமாக உயர்ந்தது. கொரியாவில் தேர்ந்தெடுத்த சொல், நரம்புக் கருவிக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிப்பது. சுருதி விலகினால் மறுபடி சேர்க்கலாம். நம்மிடமும் அப்படி ஒரு சொல் வர வேண்டும், அதை வைக்கும் உரிமை நோயோடு வாழ்கிறவர்களுக்கும் வேண்டும். மாயக்குரல் கேட்கிறவன் சிதைந்தவன், இனி எதற்கும் ஆகான் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். அவர்களில் யாருடைய காலிலும் வகை பார்த்துச் சங்கிலி போடவில்லை.

என் தீர்ப்பு இது. ஐந்து வகைகளை நீக்கியது சரி. இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். கேட்டடோனியாவைத் தனியே காப்பாற்றியது இந்தத் திருத்தத்தின் மிகச் சிறந்த பகுதி. நீக்கிய இடத்தை வெறுமையாக விட்டது பிழை, நம் மருத்துவமனைகளில் அந்தப் பிழை இன்றும் நடக்கிறது. பாடப்புத்தகங்களில் ஐந்து வகைகளை வரலாறாகச் சொல்லிக்கொடுக்கலாம், நோயாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வீட்டில் இந்த நோயோடு ஒருவர் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை போகும்போது ‘எந்த வகை?’ என்று கேட்காதீர்கள். பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதுவரை கொடுத்த மருந்துகள் முழு அளவில், போதிய வாரம் கொடுத்தவைதானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் கேட்கவில்லை என்றால் க்ளோசபின் பார்க்கலாமா என்று கேளுங்கள். ராத்திரி கிணற்றடியில் நீங்கள் பார்ப்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.